ட்ரெக் முடிந்து காத்மாண்டு வந்தாயிற்று, அடுத்த மூன்று நாளை எப்படிக் கழிப்பது?

எவரெஸ்ட் பேஸ் கேம்ப், அன்னபூர்ணா, லாங்டாங் என்று எந்தப் பக்கம் நடந்துவிட்டு வந்தாலும் நம் ஆட்களில் பலர் காத்மாண்டுக்கு ஒதுக்குவது அரை நாள்தான். காலையில் பசுபதிநாத்துக்கு ஓடி ஒரு தரிசனம், மத்தியானம் டூரிஸ்ட் பேட்டையான தமேலில் நாலு பொம்மை, ஒரு பஷ்மினா, ராத்திரி விமானம். பத்துப் பன்னிரண்டு நாள் மலையில் உங்களைப் பார்த்துக்கொண்ட கைடு "வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டிருப்பார், அதற்கும் நேரம் இருக்காது. எனக்கு இது பெரிய நஷ்டமாகத்தான் படுகிறது. டிக்கெட் போடும்போதே ட்ரெக்குக்கு அப்புறம் மூன்று நாள் விட்டுப் போடுங்கள்.

எவரெஸ்ட் பக்கத்துச் சின்ன விமான நிலையமான லுக்லா வழியாகத் திரும்புகிறவர்களுக்கு இந்த மூன்று நாள் வேறு விதத்திலும் கைகொடுக்கும். மேகம் இறங்கிவிட்டால் லுக்லாவில் விமானம் எழும்பாது, ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட அங்கேயே உட்கார வேண்டி வரும். சீசனில், அதாவது அக்டோபர், நவம்பரிலும் வசந்த காலத்திலும், லுக்லா விமானங்களில் பலவும் காத்மாண்டுக்கு வராமல் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியில் இறக்கிவிடும். அங்கிருந்து மலைப்பாதையில் ஜீப்பில் நாலைந்து மணி நேரம். ஆக வந்து சேரும் நாளில் ஊர் சுற்றும் திட்டம் எதுவும் வைக்காதீர்கள்.

ட்ரெக் கிளம்பும்போதே தமேல் ஓட்டலில் ஒரு பையை வைத்துவிட்டுப் போகலாம், பெரும்பாலான ஓட்டல்களில் காசு வாங்காமல் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதில் ஒரு செட் நல்ல உடை (கோயிலுக்கும் ஒருவர் வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போகிற மாதிரி), காலைக் கடிக்காத ஒரு செருப்பு, ஊரிலிருந்து கொண்டு போன முறுக்கோ கடலை மிட்டாயோ இரண்டு மூன்று பாக்கெட். அந்தப் பாக்கெட் எதற்கென்று பிறகு சொல்கிறேன். செருப்பு தோல் செருப்பாக இருக்க வேண்டாம், தோல் பெல்ட்டும் வேண்டாம். பசுபதிநாத்துக்குள்ளும் பாட்டன் நகரத்துப் பொற்கோயிலின் உள்முற்றத்திலும் தோல் பொருளுக்கு அனுமதி இல்லை.

வந்து இறங்கிய அன்று எங்கும் போகாதீர்கள். வெந்நீரில் நிதானமாகக் குளியுங்கள். அழுக்குத் துணியைத் தெருமுனை லாண்டரியில் போடுங்கள், கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கிக்கொண்டு மறுநாள் மடித்துத் தருவார்கள். வாடகைக்கு எடுத்த டவுன் ஜாக்கெட்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்து டெபாசிட்டை வாங்கிவிடுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளினால் அது ஒரு தனி அலைச்சல். முட்டியும் ஆடுசதையும் கெஞ்சுகிறது என்றால் பார்வையற்றவர்கள் மசாஜ் செய்யும் சீயிங் ஹேண்ட்ஸ் மாதிரி இடங்கள் தமேலில் உண்டு, விரல் நுனியில் வலி எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிப்பவர்கள். மாலையில் கால் அனுமதித்தால் தமேலின் ஓரத்திலேயே இருக்கும் கார்டன் ஆஃப் ட்ரீம்ஸ் வரை போய்வரலாம். 1920களில் ராணா குடும்பத்து கைசர் ஷம்ஷேர் போட்ட தோட்டம். டிக்கெட் எடுத்து உள்ளே போனால் வெளியே இருக்கும் ஹாரன் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். புல்தரையில் மெத்தை போட்டிருப்பார்கள், படுத்துக்கொள்ளலாம்.

மலையில் பூண்டு சூப்பும் தால்பாத்துமாக இருந்த வயிறு, கீழே வந்ததும் எல்லாவற்றையும் கேட்கும். முதல் ராத்திரி பச்சைக் காய்கறி சாலட், ஐஸ், குழாய்த் தண்ணீர் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். சூடான மோமோவோ துக்பாவோ (நூடுல்ஸ் சூப்) போதும். மெனுவில் 'பஃப்' என்று இருந்தால் எருமைக்கறி. மாடு நேபாளத்தின் தேசிய விலங்கு, அதை வெட்டுவது சட்டப்படி குற்றம், ஆனால் எருமைக்கறிதான் அங்கே அன்றாடம் புழங்கும் கறி. சைவம் என்றால் 'சாகாஹாரி' என்று சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும்.

இடங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்பதைக் கால் வலியை வைத்தும் நேரத்தை வைத்தும்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே பல இடங்கள் விடியற்காலையிலும் அந்தியிலும் உயிரோடு இருக்கும். பகல் பதினொரு மணிக்குப் போனால் வெயிலும் டூரிஸ்ட் குழுக்களும்தான்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குள் தமேலிலிருந்து தெற்கே நடங்கள். சமதளம்தான், முட்டிக்கு வேலை இல்லை. தஹிதி சௌக்கில் தெருவின் நடுவே ஒரு ஸ்தூபி, அதைச் சுற்றி மோட்டார் சைக்கிள்கள். அதைத் தாண்டி அசன் பக்கம் போகும்போது, பாங்கேமுடா அருகே சுவரோரம் ஒரு மரக்கட்டையைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். பல்வலிச் சாமி, வைஷ தேவ். மரம் என்று சொன்னால்தான் தெரியும், அவ்வளவு ஆணி, அவ்வளவு காசு, ஒன்றின் மேல் ஒன்றாக அடித்து அடித்து மொத்தமும் துருவேறிய ஒரு இரும்புக் கட்டியாகிவிட்டது. பல் வலித்தால் ஒரு காசை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போவது வழக்கம். அதே தெருவில் வரிசையாகப் பல் டாக்டர்கள், பல்செட் படம் போட்ட போர்டுகள். கைடு புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், ஆனால் அங்கே ஐந்து நிமிடம் நின்றால் இந்த ஊர் எப்படி நம்புகிறது என்பது கண்ணில் படும்.

அசன் ஆறு தெருக்கள் கூடும் சந்தை. காலையில் காய்கறி, சாமந்தி மாலை, பித்தளைப் பாத்திரம், உலர்ந்த மீன், மசாலா எல்லாம் தரையில். ஓரத்தில் அன்னபூர்ணா கோயில், உள்ளே சிலை கிடையாது, வெள்ளிக் கலசம்தான் தெய்வம். கடைக்குப் போகிற வழியில் கையைத் தூக்கி மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்கு வாங்குவதென்றால் இங்கே வாங்குங்கள், தமேலைவிட மலிவு. நாக்கை மரத்துப்போக வைக்கும் திமுர் மிளகு, இலாம் தேயிலை, லப்ஸிப் பழத்தில் செய்த புளிப்பு மிட்டாய் மூன்றும் நல்ல தேர்வு. பசித்தால் ஜேரி ஸ்வாரி கேளுங்கள், மெல்லிசான பூரிக்குள் சூடான ஜிலேபியை வைத்து மடித்துத் தருவார்கள். அப்புறம் அப்படியே இந்திர சௌக், பாசிமணிக் கடைகள், லஸ்ஸிக் கடைகள், கடைசியில் பசந்தபூர் தர்பார் சதுக்கம்.

பசந்தபூரில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் விழுந்தவை ஏராளம். 7.8 அளவு, நாடு முழுக்க ஏறக்குறைய 9,000 பேர் உயிரிழந்தார்கள். ஊருக்கே பெயர் கொடுத்த காஷ்டமண்டபம் அன்று தரைமட்டமானது, இப்போது பழைய முறைப்படியே மரத்திலும் செங்கலிலும் மறுபடி எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். புது மரத் தூண்களின் செதுக்கலைக் கிட்டப் போய்ப் பாருங்கள், உளி பிடிக்கத் தெரிந்த கைகள் இன்னும் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. பக்கத்தில் குமாரி கர், 1757-ல் மன்னர் ஜெயப்பிரகாஷ் மல்லா கட்டியது. வாழும் தெய்வமாக வணங்கப்படும் சிறுமி சில சமயம் ஜன்னலில் வந்து நிற்பாள். அப்போது கேமராவை உள்ளே வையுங்கள். படம் எடுப்பதற்குத் தடை, தவிர அது ஒரு குழந்தை.

நுழைவுக் கட்டணம் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குக் குறைவு, இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் கையில் அதை வைத்துக்கொண்டு போனால் பெரிய தொகை மிச்சம். மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்கு மற்ற வெளிநாட்டவருக்கான கட்டணம்தான். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் விமானத்துக்குப் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருக்க வேண்டும், ஆதார் மட்டும் போதாது. பணக் கணக்கு சுலபம், இந்திய 100 ரூபாய்க்கு நேபாள 160 ரூபாய். டாக்சியில் மீட்டர் போட மாட்டார்கள், பேரம் பேச அலுப்பாக இருந்தால் பதாவோ, இன்டிரைவ் ஆப்கள் வேலை செய்கின்றன.

இரண்டாம் நாள் மதியம் நன்றாகத் தூங்கிவிட்டு, நாலு மணிக்கு மேல் பசுபதிநாத். மூலக் கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி, இந்தியர்களுக்குக் கட்டணம் இல்லை. நாலு திசையிலும் முகம் கொண்ட லிங்கம், நாலு பக்கமும் வெள்ளிக் கதவு, மேற்கு வாசலில் மலைபோல ஒரு நந்தி. பூஜை செய்யும் பட்டர்கள் தலைமுறைகளாகக் கர்நாடகத்திலிருந்து போகிறவர்கள், அவர்கள் மந்திரம் சொல்வதைக் கேட்டால் நம் ஊர்க் கோயிலில் நிற்கிற மாதிரியே இருக்கும். தரிசனம் முடிந்ததும் பாக்மதி ஆற்றின் எதிர்க்கரைக்கு வாருங்கள். ஆறு மணி வாக்கில் அங்கே ஆரத்தி, உள்ளூர்க்காரர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து கைதட்டிப் பாடுவார்கள், சிலர் எழுந்து ஆடுவார்கள். அதே நேரம் இந்தக் கரைக்கு நேரெதிரே ஆர்ய காட் படித்துறையில் சிதை எரிந்துகொண்டிருக்கும். அங்கே ஜூம் போட்டு வீடியோ எடுக்கும் ஆட்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. ஒருவரின் அப்பாவோ அம்மாவோ அங்கே படுத்திருக்கிறார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள்.

அங்கிருந்து பௌத்தநாத் ஸ்தூபிக்கு அரை மணி நேர நடைதான், முடியாவிட்டால் டாக்சி. 2015-ல் அதன் உச்சிப் பகுதி விரிசல் விட்டுப் பழுதாகி, சரிசெய்து 2016 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். 1959-க்குப் பிறகு திபெத்திலிருந்து வந்தவர்கள் இதைச் சுற்றியே குடியேறினார்கள். அந்தியில் தாத்தா பாட்டிகள் ஜபமாலையோடு, ஆபீஸ் முடிந்தவர்கள் பையோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையோடு என்று மொத்தப் பேட்டையும் ஸ்தூபியை வலம் வரும். நீங்களும் அதே திசையில், அவர்கள் வேகத்தில் ஒரு சுற்று வாருங்கள். எதிர்த் திசையில் நடக்க வேண்டாம். சந்துகளில் லாபிங் விற்பார்கள், பாசிப்பயறு மாவில் செய்த குளிர்ந்த வழுவழுப்பான துண்டுகள், மேலே மிளகாய் எண்ணெயும் பூண்டும். காரம் உச்சிக்கு ஏறும், ஆனாலும் விடாதீர்கள்.

ஸ்வயம்புநாத் போக ஆசையிருந்தால் கிழக்குப் பக்கம் 365 படி. ட்ரெக் முடித்த முட்டிக்கு அதில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. டாக்சிக்காரரிடம் பின்பக்கம், மேற்கு வாசலில் விடச் சொல்லுங்கள், சில படிகள்தான். கையில் பிஸ்கட் பாக்கெட் தெரிந்தால் குரங்கு பிடுங்கிவிடும். நாராயண்ஹிட்டி அரண்மனை அருங்காட்சியகம் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, மற்றவர்கள் விட்டுவிடலாம்.

மூன்றாம் நாள் பாட்டனா பக்தபூரா என்று கேட்டால் நான் பக்தபூர் என்பேன், அதுவும் ஒரு ராத்திரி அங்கேயே தங்குவது. காத்மாண்டிலிருந்து கிழக்கே 13 கிலோமீட்டர்தான், ஆனால் சாயங்காலம் டூரிஸ்ட் பஸ்கள் கிளம்பிப் போனபிறகு ஊர் அதன் சொந்தக்காரர்கள் கைக்குத் திரும்பிவிடும். செங்கல் தெருக்கள், திண்ணையில் உட்கார்ந்து பேசும் கிழவர்கள், எங்கோ ஒரு மண்டபத்தில் தாளத்தோடு பஜனை. காலையில் ஐந்தரைக்கே பூஜைத் தட்டோடு பெண்கள் கிளம்பிவிடுவார்கள். 1702-ல் பூபதீந்திர மல்லா கட்டிய நியாதபோலா ஐந்தடுக்குக் கோயில் 1934, 2015 இரண்டு நிலநடுக்கத்திலும் நின்றது. படியேறும்போது இருபுறமும் சிலைகள், கீழே இரண்டு மல்யுத்த வீரர்கள், அவர்களைவிடப் பத்து மடங்கு பலமான யானைகள், அதற்கு மேல் சிங்கங்கள், அதற்கு மேல் யாளி போன்ற சார்தூலங்கள், எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு தேவிகள். உள்ளே இருக்கும் சித்திலட்சுமியை அர்ச்சகர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள். குயவர் சதுக்கத்தில் மண்சட்டிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், அதே சட்டியில்தான் ஜுஜு தவ் தயிர் வரும். எருமைப்பாலில் உறைய வைத்தது, மண் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கத்தியால் வெட்டலாம் போலக் கெட்டி, லேசான இனிப்பு. ஒரு சட்டி வாங்கி இருவர் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைப்பீர்கள், இரண்டாகவே வாங்குங்கள்.

பாட்டனுக்குப் போகிறவர்கள் 1637-ல் சித்தி நரசிங்க மல்லா எழுப்பிய கிருஷ்ணன் கோயிலின் கல்பட்டையை விரலால் தொடர்கிற மாதிரி கண்ணால் தொடருங்கள், முதல் அடுக்கில் மகாபாரதம், மேலே ராமாயணம். பக்கத்துச் சந்துகளில் சாக்கியக் கைவினைஞர்கள் மெழுகு வார்ப்பில் தாரா, புத்தர் சிலைகள் செய்கிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறையைப் பார்த்தவர்கள் அந்த மெழுகு உருவத்தையும் மண்பூச்சையும் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள். பட்டறை வாசலில் நின்று நமஸ்தே சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டுவார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கின் மூத்த குடிகள் நேவார்கள். அவர்கள் சாப்பாட்டை ஒரு வேளையாவது சாப்பிடாமல் வரக் கூடாது. கீர்த்திபூர் போனால் பாய் போட்டுத் தரையில் உட்கார வைத்துப் பரிமாறும் இடங்கள் உண்டு. சமய் பஜி என்று கேளுங்கள். அவல், வறுத்த கருப்புச் சோயா, காரமான உருளை, இஞ்சி, சுட்ட எருமைக்கறி சோய்லா எல்லாம் ஒரே தட்டில் வரும். சைவத்துக்கு உளுந்தை அரைத்துத் தட்டிய பாரா இருக்கிறது. மார்கழிக் குளிரில் போகிறவர்களுக்கு யோமரி கிடைக்கும், அரிசிமாவுச் செப்புக்குள் வெல்லப்பாகு வைத்து ஆவியில் வேகவைத்தது, ஒரு வாய் கடித்ததும் கொழுக்கட்டை நினைவு வராமல் இருக்காது. ஐலா என்கிற வீட்டுச் சாராயத்தைச் செம்பிலிருந்து உயரத் தூக்கிச் சின்ன மண்கிண்ணத்தில் குறி தவறாமல் ஊற்றுவார்கள். குடிக்காதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பாதியில் மறுத்தால்தான் சங்கடம்.

இப்போது கைடு வீட்டு அழைப்புக்கு வருவோம். டிப்ஸை ட்ரெக்கின் கடைசி மாலையிலேயே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, போர்ட்டருக்கும் அவர் கையிலேயே, கொடுத்து முடித்துவிடுங்கள். வலது கையால் நீட்டி இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொள்வது அங்கே மரியாதை. திரும்பத் தேவைப்படாத கையுறை, தொப்பி, ஜாக்கெட்டையும் போர்ட்டரிடம் துவைத்த பிறகு கொடுங்கள். பணக் கணக்கு அங்கே முடிந்துவிட்டால், வீட்டுக்குப் போகும்போது விருந்தாளியாக மட்டும் போகலாம்.

சோலுகும்பு, லம்ஜுங் என்று மலை மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் பலருக்கும் காத்மாண்டில் இருப்பது ஊரோரத்தில் வாடகைக்கு எடுத்த ஓரிரு அறைகள்தான். நாற்காலி இல்லாமல் கட்டிலில் உட்காரச் சொல்வார்கள், உட்காருங்கள். செருப்பு வெளியே. வீட்டம்மாவை 'தீதி' என்றோ, உங்களைவிடச் சின்னவர் என்றால் 'பஹினி' என்றோ கூப்பிடுங்கள். ஆண்களில் மூத்தவர் 'தாய்' (அண்ணன்), இளையவர் 'பாய்' (தம்பி). அந்த முறுக்கு, கடலை மிட்டாய் பாக்கெட்டை வீட்டம்மா கையிலோ குழந்தைகள் கையிலோ கொடுங்கள், கூடவே கொஞ்சம் பழம். காசு கொடுக்கவே கூடாது.

முதலில் பால் டீ. அப்புறம் தால்பாத். நடுவில் குன்றாகச் சோறு, கிண்ணத்தில் பருப்பு, கடுகுக் கீரை, காய்ந்த குந்த்ருக் கீரையில் ஒரு ரசம் மாதிரி, திமுர் போட்ட தக்காளி அச்சார், மேலே நெய். பெரும்பாலும் விருந்தாளிக்கு மட்டும் தட்டு வரும், வீட்டார் நின்று பரிமாறுவார்கள், நீங்கள் எழுந்தபிறகுதான் அவர்கள் சாப்பிடுவார்கள். "நீங்களும் உட்காருங்கள்" என்று ஒரு முறை சொல்லலாம், வற்புறுத்த வேண்டாம். முதல் தட்டில் சோற்றைக் குறைக்கச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இரண்டாம் முறை வாங்காவிட்டால் அவர்களுக்கு முகம் வாடிவிடும். தட்டில் மிச்சம் வைப்பதும் நல்லதில்லை. எச்சில் விஷயத்தில் நம் பாட்டிமார் எவ்வளவு கண்டிப்போ அவ்வளவு கண்டிப்பு, சாப்பிடும் கையால் கரண்டியைத் தொடாதீர்கள், தண்ணீர்ச் செம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடியுங்கள், கூப்பிடாமல் அடுப்படிக்குள் போகாதீர்கள். போதும் என்றால் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டு 'புக்யோ' என்று சொல்ல வேண்டும், கை விலகிய அடுத்த நொடி கரண்டி வந்துவிடும். சாப்பாடு பிடித்திருந்தால் 'மீட்டோ சா' என்று சொல்லுங்கள். ஹிந்தி தெரியாவிட்டால் கவலை இல்லை, இந்த ஐந்தாறு சொல்லை வைத்துக்கொண்டே ஒரு மத்தியானத்தை ஓட்டிவிடலாம், மீதிக்குப் போனில் இருக்கும் உங்கள் வீட்டுப் படங்களைக் காட்டுங்கள், அம்மா, குழந்தை, கல்யாணப் போட்டோ. நம்மைப் பற்றி அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.

தசைன், திஹார் பண்டிகைச் சமயத்தில் (அநேகமாக அக்டோபர், சில வருடம் நவம்பர் வரை இழுக்கும்) போகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். தசைனுக்கு எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் பாதிக் கடைகள் மூடியிருக்கும், டாக்சி கிடைப்பதும் கஷ்டம். ஆனால் அந்த நாட்களில் ஒரு வீட்டுக்கு அழைப்பு வந்தால் மறுக்கவே மறுக்காதீர்கள், தயிரும் அரிசியும் குங்குமமும் குழைத்த டீக்காவை நெற்றியில் பெரிதாக வைத்து, வீட்டுப் பெரியவர் ஆசீர்வாதம் செய்வார். திஹாரில் ஒரு நாள் தெருநாய்களுக்கெல்லாம் மாலையும் பொட்டும்.

கிளம்பும் நாளுக்கு இரண்டு விஷயம். குக்ரி கத்தி, ட்ரெக்கிங் கம்பு எல்லாம் செக்-இன் பையில். சிலை வாங்கியிருந்தால் அது புதிதாகச் செய்ததுதான் என்று கடைக்காரரிடம் பில்லும், பழசாகத் தோன்றும் பொருளுக்குத் தொல்லியல் துறைச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள், நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருட்களை நாட்டைவிட்டு எடுத்துப் போக முடியாது. கைடு வழியனுப்ப வந்து கழுத்தில் கதா துண்டு போட்டால் உடனே கழற்றிப் பைக்குள் திணிக்காதீர்கள். அவர் போகும் வரையாவது கழுத்தில் இருக்கட்டும்.